குரோகிக்கு இன்னும் ஐம்பத்தெட்டு

ஒசாகா
ஏப்ரல் 9, 1984

அன்புள்ள சாயோவுக்கு,

நீ லாரியின் முன் சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், சுவர்க்கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு போனது பத்து நாளாகக் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு தடவையாவது திரும்பிப் பார்ப்பாய் என்று லாரி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். கடிகாரம் மட்டும்தான் என்னைப் பார்த்தது.

வீடு காலி. பீரோ நின்ற இடத்தில், சுவரில் அதன் உயரத்துக்கு ஒரு வெள்ளைக் கட்டம். என் சட்டைகள் மூன்று ஆரஞ்சுப் பெட்டிகளில் கிடக்கின்றன. சோறு வேகவைக்கும் குக்கரும் உன்னோடு போய்விட்டதால், ரயிலடியில் நின்றபடியே நூடுல்ஸ் உறிஞ்சுகிறேன். கடைக்காரி முதல் நாளே, "என்னங்க, வீட்டம்மா ஊருக்கா?" என்றாள். "ஆமா, நாளைக்கு வந்துடுவா" என்றேன். தினமும் அதையே சொல்கிறேன். அவளும் தினமும் தலையாட்டுகிறாள். நல்ல பெண்.

நான் கூட வரவில்லை என்பதை லாரிக்காரர் கயிறு கட்டி முடித்த பிறகா சொல்வது என்று கேட்டாய். அதற்கு முன்னால் சொல்வதற்காக ஏழு தடவை வாயைத் திறந்தேன். ஏழு தடவையும் நீ ஏதாவது ஒரு டப்பாவைக் கையில் திணித்து, "இதப் பிடிங்க" என்றாய்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். டிசம்பரில் உன் அண்ணன் தொகுஜி போன் பண்ணி, "மாப்ளே, பந்து போட்டது போதும். கடைக்கு வந்துடு, சேர்ந்து மீன் வடை பொரிக்கலாம்" என்றார். சரி என்றேன். நீ, "ஒசாகா போதும், நம்ம ஊர் உவாஜிமாவுக்கே போயிடலாம்" என்றாய். சரி என்றேன். அதே வாரம் எங்கள் பேஸ்பால் டீம் விருந்தில் குரோகி என் கிண்ணத்தில் சாகே ஊற்றிவிட்டு, "கன்ஜி அண்ணே, இன்னும் அம்பத்தெட்டு ஹிட் அடிச்சா எனக்கு மொத்தம் ரெண்டாயிரம் ஆயிடும். அதுவரைக்கும் நீங்கதான் பயிற்சிக்குப் பந்து போடணும். வேற எவன் போட்டாலும் மட்டை சிணுங்குது" என்றான். முப்பத்தெட்டு வயது ஆள் கண்கலங்கிக் கேட்கிறான். அவனிடமும் சரி என்றேன். மூன்று சரியும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அப்போது தோன்றவில்லை. டிசம்பரில் உட்கார்ந்து பார்த்தால் ஏப்ரல் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது.

உவாஜிமாவில் யாராவது, உன் புருஷனுக்கு அப்படி என்ன வேலை என்று கேட்டால், இப்படிச் சொல். மற்ற பிட்சர்கள் மட்டையில் படாமல் போட வேண்டும். அவர் மட்டையில் பட்டுப் பறக்கிற மாதிரி போட வேண்டும். ஆட்டத்துக்கு முன்னால், காலி மைதானத்தில், தினம் நூற்றிருபது பந்து. நிஜமாக ஆட்டத்தில் இறங்கிய ஒன்பது வருஷத்திலும் நான் இதையேதான் செய்தேன் என்று சில விஷமிகள் சொல்வார்கள். மூன்று வெற்றி, பதினொரு தோல்வி. அப்போது அது தவறு. கடந்த பன்னிரண்டு வருஷமாக அதுவே உத்தியோகம்.

நல்ல செய்தி: முதல் மூன்று ஆட்டத்தில் குரோகி இரண்டு ஹிட் அடித்துவிட்டான். பாக்கி ஐம்பத்தாறு. ஜூலைக்குள் முடிந்துவிடும் பார்.

நகவெட்டி எங்கே? பிட்சருக்கு நகம் முக்கியம். இப்போதைக்குப் பல்லால் சமாளிக்கிறேன்.

உன்,
கன்ஜி


உவாஜிமா
ஏப்ரல் 21

உங்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேல் போன் பண்ண வேண்டாம். எழுதுங்கள். போனில் நான் எதைச் சொன்னாலும் "சரி சரி" என்பீர்கள். வைத்த பிறகு எதற்குச் சரி சொன்னோம் என்று உங்களுக்கே தெரியாது. எழுதினால் காகிதம் என் கையில் இருக்கும்.

பீரோ அண்ணன் வீட்டு மாடிப்படியில் ஏறவில்லை. கடையில் எண்ணெய்க் கொப்பரைக்குப் பக்கத்தில் நிற்கிறது. வாங்க வருகிறவர்கள் ஈரக் குடையை அதன்மேல் சாய்த்து வைக்கிறார்கள். என் கல்யாண கிமோனோவில் பொரித்த மீன் வாசனை. நகவெட்டி தையல் பெட்டியில் இருக்கிறது. தையல் பெட்டி பீரோவில் இருக்கிறது.

உங்கள் மச்சான் மார்ச்சிலேயே ஒரு பலகை எழுதக் கொடுத்திருந்தார். வந்துவிட்டது, வாசலில் மாட்டிவிட்டார். "தொழில்முறை பிட்சர் நிவா கன்ஜி தன் கையால் பொரிக்கும் மீன் வடை." தினமும் யாராவது கேட்கிறார்கள்.

"எங்கப்பா அந்த பிட்சரு?"

"வருவாரு. குரோகி அடிச்சு முடிக்கணும்ல?"

"குரோகி அடிக்கிறதுக்கும் வடைக்கும் என்னய்யா சம்பந்தம்?"

அண்ணன் முதலிலிருந்து விளக்குவார். நான் உள்ளே போய் மீன் அரைக்கத் தொடங்கிவிடுவேன்.

இன்னொரு விஷயம். மத்சுயாமாவில் ஒரு வெந்நீர் ஊற்று விடுதியை இடித்துக் கட்டுகிறார்கள். நவம்பரில் திறப்பு. பரிமாற ஆள் வேண்டும், தங்க இடமும் அங்கேயே. தனியாக இருக்கிற பெண்ணாகக் கேட்கிறார்கள். அக்டோபர் பதினைந்துக்குள் பதில் சொல்ல வேண்டும். உங்கள் ஆட்டமெல்லாம் அதற்கு முன்னால் முடிந்துவிடும். அதுவரை காத்திருப்பேன். அதற்கு மேல் இல்லை.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் லாரியிலேயே தீர்ந்துவிட்டது, அவ்வளவு நீளமான பயணம். இப்போது இருப்பது அலுப்பு.

சாயோ


ஒசாகா
மே 28

அன்புள்ள சாயோவுக்கு,

"தனியாக இருக்கிற பெண்" என்று நீ எழுதிய இடத்தில் பேனா அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. தடவிப் பார்த்தேன். பின்பக்கம் வரை வந்திருக்கிறது.

பாக்கி முப்பத்தேழு. ஜூலை என்று சொன்னேன், ஆகஸ்டு என்று வைத்துக்கொள்.

வேடிக்கை என்னவென்றால், பயிற்சியில் அவன் ராஜா. நேற்று இருபத்தைந்து பந்து போட்டேன், ஒன்பது வேலிக்கு அப்பால் போனது. பத்திரிகைக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். "குரோகி திரும்பி வந்துட்டான்யா!" இரண்டு மணி நேரம் கழித்து ஆட்டத்தில் அதே மட்டை, அதே ஆள், மூன்று தடவை சும்மா காற்றை வெட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான். உடனே எல்லோரும் ஆளுக்கொரு வைத்தியம். விலாங்கு மீன் சாப்பிடு என்கிறார் ஒருவர். உள்சட்டையைத் துவைக்காதே என்கிறார் இன்னொருவர். அதை அவன் கேட்டுவிட்டான். அவன் நின்று அடிக்கிற வலைக் கூண்டுக்குப் பக்கத்தில் இப்போது நாற்றத்தில் நிற்க முடியவில்லை.

அவன் மட்டை பந்தை எங்கே எதிர்பார்க்கிறது என்று எனக்குத் தெரியும். யோசிக்கவே வேண்டாம், கை தானாக அங்கே போடும். பன்னிரண்டு வருஷப் பழக்கம். அவன் சந்தோஷமாக அடிக்கிற சத்தம் இருக்கிறதே, காலி மைதானத்தில் எதிரொலித்து வரும், அது கேட்டால் என் தோள்வலி கொஞ்ச நேரம் மறந்துபோகும். பிறகு ஞாபகம் வரும். வலக்கையால் தலை சீவ முடியவில்லை. இடக்கையால் சீவுகிறேன். வகிடு வேறு பக்கம் போய்விட்டது, கண்ணாடியில் யாரோ சொந்தக்காரன் தெரிகிறான்.

குரோகிக்கும் வயதாகிறது, பாவம். நேற்று கடையில் சாப்பாட்டுப் பட்டியலைக் கையை நீட்டி ஒரு முழ தூரத்தில் பிடித்துப் படித்தான். "அண்ணே, எழுத்த ஏன் இப்படிப் பொடியா போடுறானுங்க?" என்றான். "ஆமாப்பா, மோசம்" என்றேன். எனக்குத் தெளிவாகத்தான் தெரிந்தது.

மச்சானிடம் பலகையைக் கொஞ்ச நாள் உள்ளே வைக்கச் சொல்ல முடியுமா? வேண்டாம், விடு. அவர் மனசு நோகும்.

கன்ஜி


உவாஜிமா
ஜூன் 26

உங்களுக்கு,

பலகை உள்ளே போகவில்லை. கீழே ஒரு கரும்பலகை கூடியிருக்கிறது. அண்ணன் அதில் தினமும் சாக்பீஸால் பாக்கி எண்ணிக்கையை எழுதுகிறார். இன்று இருபத்தெட்டு. என் புருஷன் எப்போது வருவார் என்று ஊரே எண்ணிக்கொண்டிருக்கிறது. துறைமுகத்துப் பெண்கள், "சாயோக்கா, இன்னிக்கு ஒண்ணு கொறஞ்சிருக்கு போல!" என்று வடைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். நானும் ரேடியோ கேட்கிறேன். பதினேழு வருஷம் உங்களோடு இருந்து ஒரு ஆட்டமும் முழுதாகக் கேட்டதில்லை. நீங்கள் ஜெயித்த மூன்று நாளும் நான் அங்கே இல்லை. இப்போது குரோகி ஹிட் அடித்தால் கையில் மீன் மாவோடு கைதட்டுகிறேன். முகம்கூடச் சரியாகத் தெரியாத ஒருவனுக்கு. நமக்குப் பிள்ளை இல்லை என்று வருத்தப்பட்டது போதும், உங்களுக்கு முப்பத்தெட்டு வயதில் ஒன்று இருக்கிறது.

உங்கள் போன கடிதத்தை அண்ணனிடம் கொஞ்சம் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் உங்கள் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்கார்ந்தவர், உங்கள் பந்து அவருக்குத் தெரியும். சாப்பாட்டுப் பட்டியல் வந்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"சாயோ, குரோகிக்குக் கண்ணு போச்சு. மாப்ளே அதுக்குத் தகுந்த மாதிரி பந்த மெதுவாக்கிட்டே வர்றான்."

"வேணும்னா செய்யிறாரு?"

"அவனுக்கே தெரியாது. எதிர்ல நிக்கிறவன் மூஞ்சி வாடக்கூடாது அவனுக்கு. பள்ளிக்கூடத்துலயே அப்படித்தான். ஆட்டத்துல யாரு குரோகிக்கு மெதுவாப் போடுவான்? இவன் போடுற பந்துதான் அவனக் கெடுக்குது."

அண்ணன் எப்போதும் அளந்துவிடுகிறவர். ஆனால் இது எனக்குச் சட்டென்று புரிந்தது. ஏனென்றால் எனக்கும் நீங்கள் அப்படித்தான் போட்டீர்கள். பிள்ளை பிறக்காது என்று டாக்டர் உங்களிடம் சொன்னது 1970இல். நீங்கள் எனக்குச் சொன்னது 1974இல். நான்கு வருஷம், "அடுத்த வருஷம் பார்க்கலாம்னாரு" என்று போட்டுக்கொண்டே இருந்தீர்கள். எனக்கு வலிக்கக் கூடாது என்று. நானும் நான்கு வருஷம் கோயில் கோயிலாகப் போய்க்கொண்டே இருந்தேன்.

இதை எழுத வேண்டாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதிவிட்டேன். கிழிக்கவில்லை.

சாயோ


ஒசாகா
ஜூலை 14

சாயோ,

பாக்கி இருபத்துமூன்று.

உன் அண்ணன் மீனை நன்றாக அரைப்பார், ஒப்புக்கொள்கிறேன். பேஸ்பாலை என்னிடம் விடச் சொல். பள்ளிக்கூடத்தில் கேட்சராக இருந்தவரெல்லாம் நிபுணர் என்றால், தொழிலில் இருக்கிற நாங்கள் எதற்கு? அவர் இருநூறு மைல் தள்ளிக் கொப்பரைக்கு முன்னால் நின்றுகொண்டு என் பந்தின் வேகத்தைச் சொல்கிறாராம். பந்து என் கையிலிருந்து போகிறது. எனக்குத் தெரியாதா?

இங்கே வெயில் தாங்கவில்லை. வலைக்குப் பின்னால் நின்று போடுகிறேன், வலை நிழல் தருவதில்லை. தோளுக்குப் பனிக்கட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தால், பக்கத்தில் இருக்கிறவன் தன் பழச்சாறு பாட்டிலை அதன்மேல் வைத்துக் குளிர வைக்கிறான்.

டாக்டர் விஷயத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. மூன்று தடவை எழுதினேன். மூன்றும் உனக்குப் பிடிக்கிற மாதிரி இருந்தன. அதனால் அனுப்பவில்லை.

கன்ஜி

பி.கு.: வேகம் அளக்கும் துப்பாக்கி ஒன்று டீமில் இருக்கிறது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது வந்த புதிதில் விளையாட்டாக எல்லோரையும் அளந்தார்கள். அன்று என் பயிற்சிப் பந்து மணிக்கு 115 கிலோமீட்டர். இன்று குரோகிக்குப் போடும்போது அளக்கச் சொன்னேன். 96. இயந்திரம் பழுது என்றேன். வேறு ஒரு பையனுக்குப் போடும்போது அளந்தார்கள். 110. திரும்பக் குரோகிக்குப் போட்டேன். 95.


உவாஜிமா
ஆகஸ்டு 20

உங்களுக்கு,

ஓபோன் திதிக்கு நீங்கள் வரவில்லை. ஆட்டம் இருந்தது, தெரியும். உங்கள் அப்பா அம்மா கல்லறைக்கும் நானே தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். புல் நிறைய வளர்ந்திருந்தது. கோடாலி போட்டுத்தான் வெட்ட வேண்டும் போல ஒரு வேர்.

கரும்பலகையில் பதினேழு என்று எழுதி பதினோரு நாள் ஆகிறது. குரோகியை ஆட்டத்தில் இறக்காமல் உட்கார வைத்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். துறைமுகத்துப் பெண்கள் இப்போது அந்தப் பக்கம் பார்க்காமல் வடை வாங்குகிறார்கள். அது கேட்பதைவிட மோசமாக இருக்கிறது.

உங்கள் 95ஐ அண்ணனிடம் சொன்னேன். "நான் சொல்லல?" என்று குதிப்பார் என்று பார்த்தேன். கரண்டியால் எண்ணெயில் மிதந்த தூளை அரித்து எடுத்தார்.

என்ன செய்யப் போகிறீர்கள் என்று எழுதாதீர்கள். செய்துவிட்டு எழுதுங்கள்.

சாயோ


ஒசாகா
செப்டம்பர் 12

அன்புள்ள சாயோவுக்கு,

செய்துவிட்டேன். இடக்கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கும்.

போன மாதம் இருபத்தெட்டாம் தேதி. மதியம் மூன்று மணி, தரை கொதிக்கிறது. குரோகியை ஆட்டத்துக்கு எடுக்காவிட்டாலும் பயிற்சிக்கு வருவான். கூண்டுக்குள் நின்று மட்டையை ஆட்டிக்கொண்டு, "அண்ணே, நம்ம பந்து" என்றான். நம்ம பந்து!

முதல் பந்தை ஆட்டத்தில் போடுகிற மாதிரி போட்டேன். அவன் உடம்புக்கு நெருக்கமாக, என் முழுப் பலத்தோடு. பலம் என்றால் பெரிதாக எண்ணாதே. நாற்பது வயதுத் தோளின் பலம். மட்டை வந்தது, பந்து அதற்கு முன்னாலேயே போய்விட்டது.

"என்னண்ணே, கை வழுக்கிடுச்சா?"

"இல்ல."

இரண்டாவது. தவறவிட்டான். மூன்றாவது. மட்டை உடைந்தது. கைப்பிடி அவன் கையில், மீதி என் வலைக்கு முன்னால் வந்து விழுந்தது. குரோகி அந்தக் கைப்பிடியோடு நடந்து வந்தான்.

"என்ன கொல்லப் பாக்குறீங்களா?"

"ஆட்டத்துல உனக்கு இப்படித்தான்டா வருது. இதவிட வேகமா வருது. அஞ்சு வருஷமா நான் உனக்கு மெதுவாக்கிட்டே வந்திருக்கேன். எனக்கே தெரியாது. ஜூலைல அளந்து பாத்தேன்."

"ஜூலைலயா? இப்ப ஆகஸ்டு முடியுது."

"ஆமா."

"ஏன் மெதுவாப் போட்டீங்க?"

"நீ சந்தோஷமா இருந்தே."

"ஒரு மாசம் ஏன் சொல்லல?"

அதற்கும் அதே பதில்தான். அதைச் சொல்லாமல் கீழே கிடந்த மட்டைத் துண்டைப் பொறுக்கினேன்.

"உனக்குத் தூரத்துல இருந்து வர்றது தெரியுதாடா? கிட்ட வர்றது தெரியுதா?" என்று கேட்டேன். அவன் கைப்பிடியை என் பந்துக் கூடைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டான். அடிக்கிற ஆசையில் நின்ற ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு போவதைப் பார்ப்பது கஷ்டம், சாயோ. உன் முதுகும் லாரியில் அப்படித்தான் இருந்திருக்கும். கடிகாரம் மறைத்துவிட்டது.

மறுநாள் அவன் தனக்குப் பந்து போட வேறு ஆளைக் கேட்டான். இடக்கைக்காரன், இருபத்தாறு வயது, யார் முகத்தையும் பார்க்காமல் போடுகிறவன். எனக்குப் பந்து பொறுக்குகிற வேலை. நான்காம் நாள் குரோகி மூக்குக்கண்ணாடியோடு வந்தான். தடிச் சட்டம், அஞ்சல் அலுவலகக் குமாஸ்தா மாதிரி இருக்கிறான். ஒருவரும் சிரிக்கவில்லை. நான்கூடச் சிரிக்கவில்லை, என்னை யோசித்துப் பார். ஆட்டத்தில் இறக்கினார்கள். அன்று இரண்டு ஹிட். அதற்கப்புறம் அடித்துக்கொண்டிருக்கிறான்.

பாக்கி பத்து. உனக்கு ரேடியோவில் தெரிந்திருக்கும்.

நான் இல்லாமல் அடிக்கிறான். என்னிடம் பேசுவதில்லை. அந்த மூன்று பந்துக்குப் பிறகு வலக்கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. பஸ்ஸில் மேலே இருக்கிற கம்பியைப் பிடிக்க முடியாமல், பக்கத்தில் நிற்கிறவர்கள் மேலெல்லாம் சாய்கிறேன். எல்லோரும் குடித்திருக்கிறேன் என்று நினைத்து இடம் தருகிறார்கள்.

கன்ஜி


உவாஜிமா
அக்டோபர் 1

உங்களுக்கு,

எழுத்து கோழி கிளறினது மாதிரிதான் இருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

இப்போது நான் கேட்கிறேன். குரோகிக்கு நீங்கள் தேவையில்லை என்று ஆகி ஒரு மாதம் ஆகிறது. பந்து பொறுக்க யாரும் உங்களைப் பிடித்து வைக்கவில்லை. ஆனாலும் "வருகிறேன்" என்று ஒரு வரி எழுதவில்லை. ஏப்ரலில் ஐம்பத்தெட்டுக்காக இருந்தீர்கள் என்றால், இப்போது எதற்காக இருக்கிறீர்கள்?

எனக்கு இதமாக ஒன்றும் எழுத வேண்டாம். "வருகிறேன்" என்று எழுதினால்கூட நம்பமாட்டேன், சரி என்று சொல்வதுபோல அதையும் சொல்லிவிடுவீர்கள். குரோகிக்குப் போட்டது போல எனக்கும் ஒன்று போடுங்கள். என் மட்டை உடைந்தால் உடையட்டும்.

பதினைந்தாம் தேதி விடுதிக்குப் பதில் சொல்லிவிடுவேன்.

பீரோவின் கீழ் இழுப்பறை இப்போது திறக்க வருவதில்லை. மழையில் மரம் ஊதிவிட்டது.

சாயோ


ஒசாகா
அக்டோபர் 8

சாயோ,

ஆட்டங்கள் முடிந்துவிட்டன. குரோகி 1998 ஹிட்டோடு நின்றுவிட்டான். கடைசி ஆட்டத்தில் அவன் அடித்த பந்து வேலி ஓரத்தில் ஒருவன் கையில் போய் விழுந்தது. மைதானமே எழுந்து நின்று "அய்யோ" என்றது. உங்கள் கரும்பலகையில் இரண்டு என்று இருக்கும். நீ அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாய்.

நேற்று ஆரஞ்சுப் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவன் என் வீட்டுக்கு வந்தான். உட்கார ஒன்றும் இல்லாததால் இன்னொரு ஆரஞ்சுப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மாட்டினான். திரும்பவும் துடைத்தான்.

"அண்ணே, டீம் இன்னும் ஒரு வருஷம் வெச்சுக்கிறேன்னுட்டாங்க. ரெண்டுதான் பாக்கி. ஏப்ரல் முதல் வாரத்துலயே முடிஞ்சுடும். நீங்களே போடுங்க. அன்னிக்குப் போட்டீங்களே, அந்த மாதிரி."

தோள் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு 95 தான். "மாட்டேன்" என்றேன். யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"மாட்டேனா? பன்னெண்டு வருஷத்துல உங்க வாயில இந்த வார்த்தையக் கேட்டதே இல்லண்ணே."

"நானும் கேட்டதில்லடா."

"அண்ணிகிட்டப் போறீங்களா?"

"அவ சேத்துக்குவாளான்னு தெரியல. ஆனா உனக்குப் போடமாட்டேன்."

போகும்போது ஆரஞ்சுப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, "வீட்ல ஒண்ணுமே இல்லயே" என்றான். மார்ச்சிலிருந்தே இல்லை என்று சொல்லவில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன்.

நான் குரோகிக்காக இருக்கவில்லை. ஜூன் மாதம் ஒரு நாள் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹிட் அடித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நான்கு குறைந்துவிட்டதே என்று இருந்தது. மெதுவாகப் போட்டது அவன் சந்தோஷத்துக்காக என்று அவனிடம் சொன்னேன். அவன் அடித்து முடித்துவிடக் கூடாது என்று இந்தக் கை நினைத்ததோ என்னவோ. கையைக் கேட்டேன், சொல்லமாட்டேன் என்கிறது. பந்து போடாத நிவா கன்ஜி எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. மூன்று வெற்றிக்காரன், ஆனாலும் பிட்சர். அந்தப் பலகையின் கீழ் நின்று கரண்டி பிடிக்கிறவன் யார்? அதுதான் பயம். ஐம்பத்தெட்டு பயம் இருந்தது, அதைக் குரோகியின் கணக்கில் போட்டுவிட்டேன்.

டாக்டர் சொன்னது நவம்பரில், ஒரு வியாழக்கிழமை. நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். "என்ன சொன்னாரு?" என்று எழுந்து வந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான் நடந்தது. அதற்கப்புறம் நான்கு வருஷமும் அந்த ஒரு நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்பச் செய்தேன். உனக்கு வலிக்கக் கூடாது என்று இல்லை. உன் முகம் மாறுவதை நான் பார்க்கக் கூடாது என்று.

இன்னொன்று. உன் அண்ணனின் மீன் வடை எனக்குப் பிடிக்காது. முள்ளும் தோலும் சேர்த்து அரைக்கிறார், நாக்கில் மணல் மாதிரி. பதினேழு வருஷமாக "பிரமாதம் மச்சான்" என்று நான்கு நான்காகத் தின்றிருக்கிறேன். அந்தக் கடையில் வேலை செய்யமாட்டேன். அந்தப் பலகைக்குக் கீழே நிற்கமாட்டேன்.

உன்னோடு இருக்க வேண்டும். எங்கே, என்ன வேலை என்று எனக்குத் தெரியவில்லை.

கன்ஜி


உவாஜிமா
அக்டோபர் 13

உங்களுக்கு,

வியாழக்கிழமை என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்குப் பெஞ்சு மட்டும்தான் ஞாபகம். பச்சை நிறம்.

படித்து முடித்துவிட்டுக் கடையை விட்டு வெளியே போய்த் துறைமுகத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். வலித்தது. வலிக்கும் என்று தெரிந்துதான் கேட்டேன். திரும்பி வந்து மிச்ச மீனை அரைத்தேன்.

வடையைப் பற்றி எழுதியதை அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். ஒளிக்க நினைத்தேன், பிறகு நானும் உங்களைப் போல ஆகிவிடக் கூடாது என்று படித்துவிட்டேன்.

"பதினேழு வருஷமாவா?" என்றார்.

"ஆமா."

"நாலு நாலாத் தின்னானே!"

"ஆமா."

சாயங்காலம் ஏணி போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினார். கரும்பலகையை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். "குரோகி என்ன தப்புப் பண்ணான்?" என்கிறார். அதில் இரண்டு என்று அப்படியே இருக்கிறது. ஏப்ரலில் ரேடியோ கேட்க வேண்டும்.

விடுதிக்கு நேற்றே போய்ப் பதில் சொல்லிவிட்டேன். சேருகிறேன் என்று சொன்னேன். ஆனால் நான் தனியாள் இல்லை என்றும் சொன்னேன். விடுதிக்கார அம்மாள் மூக்கைச் சுருக்கினார். உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை தெரியும் என்றார். ஒன்றும் தெரியாது, முப்பது வருஷமாகப் பந்து போடுகிறார் என்றேன். குளியல் குளங்களை விடிகாலையில் வடித்துத் தேய்க்க ஆள் வேண்டுமாம். குனிந்து செய்கிற வேலை. கையைத் தோளுக்கு மேல் தூக்க வேண்டியதில்லை. பின்கட்டில் ஒரு அறை, திறப்புக்கு முன்னாலேயே தருகிறார்கள். தரைத்தளம்தான், பீரோ ஏற வேண்டிய படி இல்லை. நாளை மீன் வண்டியில் அதை அனுப்புகிறோம்.

உங்களுக்கு விருப்பமா என்று கேட்கிறேன். சரி என்று மட்டும் எழுதாதீர்கள்.

சாயோ


ஒசாகா
அக்டோபர் 17
(அஞ்சலட்டை)

சாயோ,

குளம் தேய்க்க எனக்குப் பிடிக்கவில்லை. விடிகாலையில் எழுந்திருப்பது அதைவிடப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கப்பலில் மத்சுயாமா வந்து இறங்குகிறேன். மூன்று ஆரஞ்சுப் பெட்டி இருக்கிறது, ஒன்றை நீ தூக்க வேண்டும்.

நகவெட்டியை வெளியே எடுத்து வை.

கன்ஜி